தண்ணீர் கேட்காத செடி

அஞ்சலாட்சி வீட்டில் சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அதை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஆசைப்பட்டு மூடவில்லை. ஜன்னலுக்கு நேர் எதிரே, சந்தின் அந்தப் பக்கம், எப்போதோ மூடிப்போன மில்லின் மதில் இருந்தது. மதிலை ஒட்டி ஒரு மாட்டுவண்டி நிற்கிற அகலத்துக்கு வெற்றிடம். நகராட்சியில் அதற்கு என்ன பெயரோ தெரியாது, சந்துக்காரர்களுக்கு அது குப்பைமேடு. மீன் செதில், குழந்தைகளின் டயபர், விசேஷ வீட்டு எச்சில் இலை, பிரியாணிக் கடைக் கோழி இறகு என்று சகலமும் அங்கே வந்து சேரும். காலையில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். லாரிச் சத்தம் அடங்குவதற்குள் முதல் பை வந்து விழும். சுத்தமான இடத்தைக் கண்டால் நம் ஜனங்களுக்குக் கை அரிக்கும்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டில். கட்டிலில் அவள் கணவர் புருஷோத்தமன். மில்லில் சாயப் பிரிவில் இருந்தவர். மில் மூடிய பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் வேலை பார்த்தார். ஆள் ஒல்லிதான், ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, அது தனி. மண்டப வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறவன், இவர் ஓர் அதட்டுப் போட்டால் சாவியைக் கீழே போட்டுவிடுவான். பக்கவாதம் வந்தபோது முதலில் போனது அந்தக் குரல்தான். பிறகு வலது கை, வலது கால். கால் கொஞ்சம் திரும்பி வந்தது. பிடித்துக்கொண்டால் கக்கூஸ் வரை நடப்பார். குரல் வரவில்லை. அவர் அதைக் கூப்பிடவும் இல்லை. பேசினால் வாய் கோணுகிறது, வார்த்தை குழறுகிறது என்று ஒரு நாள் உட்சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், அப்படியே இருந்துவிட்டார்.

"ஜன்னல் ஓரமா உக்கார வைங்கம்மா. போற வர்ற மனுஷங்களப் பாக்கட்டும். பேச்சு தானா வரும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அஞ்சலாட்சி அன்றைக்கே அவரை உட்காரவைத்து ஜன்னலைத் திறந்தாள். அழுகின மீனும் ஈயும் கூட்டமாக உள்ளே வந்தன. அவர் இடது கையால் தலையணையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. மூடினாள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரே வைராக்கியம். அந்த ஜன்னல் திறக்க வேண்டும். கோயில், நேர்த்திக்கடன், எண்ணெய் வைத்தியம் எல்லாவற்றையும் மற்றவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். அவள் மனசு பிடித்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

முதலில் நகராட்சிக்கு நடந்தாள். அவர்கள் லாரியைக் கொஞ்சம் சீக்கிரமாக அனுப்பினார்கள். குப்பையும் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது. பிறகு மதிலில் சாமிப் படம் போட்ட டைல்ஸ் ஒட்டினாள். பிள்ளையார், மாதா, மசூதி மூன்றும் இருக்கும் டைல்ஸ். சந்துக்காரர்கள் பக்தி உள்ளவர்கள். மூன்று சாமிக்கும் மரியாதை கொடுத்து, பையை நாலடி தள்ளிப் போட்டார்கள். அந்த நாலடி, சரியாக அவள் ஜன்னலுக்கு நேரே அமைந்தது.

"பூச்செடி வெச்சிட்டா எவனும் போட மாட்டான்" என்றார் பக்கத்து வீட்டு இராமதாஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சந்தில் அவருக்கு 'சொல்தா' என்றுதான் பெயர், பிரெஞ்சில் சிப்பாய். சட்டையை இஸ்திரி போடாமல் வாசலுக்கு வரமாட்டார். ரோஜாத் தொட்டிக்குக் காலை மாலை ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கு இன்னொரு கொடி வணக்கம்.

அவர் பேச்சைக் கேட்டு அந்த வருஷக் கோடையில் சாமந்தியும் செண்டுமல்லியும் வாங்கி வைத்தாள். அந்த மண்ணைத் தோண்டினால் வருவது செங்கல் உடைசலும் மில் பாய்லர் சாம்பலும். குழாயில் தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம். அதில் சமையல், துணி, அவரைக் குளிப்பாட்டுவது போக மீதி எங்கே? அவளோ கடற்கரைப் பக்கம் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலைக்கு ஓட வேண்டும். அக்னி நட்சத்திரம் பிறப்பதற்குள் சாமந்தி சருகானது. செண்டுமல்லியை ஆடு தின்றது. குச்சிகளின் மேல் முதல் பை வந்து விழுந்தது.

அன்றைக்கு அவள் வாசற்படியில் நின்று மதிலை முறைத்துப் பார்த்தாள். திட்டுவதற்கு ஆள் இல்லாவிட்டால் மதிலையாவது முறைக்க வேண்டும் அல்லவா? அப்படி முறைத்தபோதுதான் அதைக் கண்டாள். மதிலின் உச்சியில், காரை பெயர்ந்த ஒரு வெடிப்பில், ரோஜா நிறத்தில் பூத்துக்கொண்டு ஒரு நித்தியகல்யாணிச் செடி. மண் இல்லை, தண்ணீர் இல்லை, ஏறெடுத்துப் பார்க்க நாதி இல்லை. அந்த வெயிலில் அத்தனை பூ.

"அடி போக்கிரி, நீ இங்கதான் இருந்தியா" என்றாள் அஞ்சலாட்சி.

மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருந்தாள். தை மாதம் சொல்தாவிடம் ஏணி வாங்கி ஏறி, இரட்டை இரட்டையாக நீண்டிருந்த காய்களில் பழுத்து மஞ்சளானவற்றை மட்டும் பறித்தாள். பச்சையாகப் பறித்தால் முளைக்காது, விட்டுவைத்தால் வெடித்துச் சிதறிவிடும். உள்ளே எறும்புத் தலை மாதிரி கறுப்பு விதைகள். லாரி அள்ளிப்போன ஒரு காலையில் மதிலோரத்தைக் கொத்தி, பெரிய கற்களை வெளியே எடுத்து விளிம்பு கட்டினாள். உடைசலோடு ஆற்று மணலைக் கலந்து மேடாக நிரவி, விதையைத் தூவி, மெல்ல மண் மூடி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தினாள். இந்த விதைக்கு வெளிச்சம் ஆகாது. முளை எட்டிப் பார்த்ததும் சாக்கை எடுத்தாள். கொஞ்சம் வளர்ந்ததும் ஒவ்வொன்றின் நுனியையும் கிள்ளிவிட்டாள், கிளை பிரியட்டும் என்று. ஆடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தும்மிவிட்டுப் போனது. அந்தக் கசப்பு அதற்கு ஆகவில்லை. அஞ்சலாட்சிக்கு ஆட்டைப் பார்த்துச் சிரிப்பு தாங்கவில்லை.

பங்குனியில் முதல் பூக்கள் வந்தன. கூடவே தவளக்குப்பத்திலிருந்து நாத்தனாரும் வந்தாள்.

செல்வாம்பாள் அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவள். அதை இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து கொடுப்பாள். பஸ்ஸை விட்டு இறங்கி, வழக்கம்போல முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு சந்துக்குள் வந்தவள், மதிலோரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அண்ணி, இது இன்னா பூவு?"

"நித்தியகல்யாணி."

"எங்கூர்ல இதுக்கு இன்னா பேரு தெரியுமா? சுடுகாட்டு மல்லி. பொணம் பொதைக்கிற எடத்துல மொளைக்கிறது. எங்கண்ணன் கட்டில்ல கெடக்கும்போது, வூட்டுக்கு எதுக்கால கொண்டாந்து வெச்சிருக்கியே, உனுக்கு நெஞ்சுல ஈரம் இருக்குதா?"

சந்தில் அத்தனை வாசலிலும் தலைகள் முளைத்தன. இதைத்தான் அவர்களும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், கேட்க ஓர் ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். செல்வாம்பாள் குனிந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கினாள். அடுத்ததைப் பிடித்தபோது அஞ்சலாட்சி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கை தினமும் லாட்ஜ் விரிப்புகளைப் பிழிகிற கை.

"வுடு செல்வா. ஏன் சுடுகாட்டுல மொளைக்குது சொல்லு? அங்க எவனும் தண்ணி ஊத்த வர்றதில்ல. வர்றவனும் அழுதுட்டுப் போயிடறான், திரும்பிப் பாக்கறதில்ல. அப்பவும் அது பூக்குது. எனக்கு அந்த மாதிரி ஒண்ணுதான் வேணும். இங்கயும் எவனும் திரும்பிப் பாக்கறதில்ல."

"எங்கண்ணனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா..."

"ஆச்சின்னா என்னைக் கேளு. ஆவறதுக்கு முன்னாடி இதுல கை வெக்காத."

தைரியமாகத்தான் சொன்னாள். உள்ளே வந்து, களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள். நிஜமாகவே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? ஊர் ஒரு பூவைக் காட்டி அவளைத் தின்றுவிடும். கட்டிலைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். வெளியே நடந்தது காதில் விழுந்ததா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. பிடுங்கிய செடியை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் நட்டாள்.

சித்திரை வெயிலில் மதிலோரம் முழுக்க ரோஜா நிறம் பிடித்துக்கொண்டது. சொல்தாவின் ரோஜாக்கள் தலை தொங்கிய நாளிலும் இவை நிமிர்ந்து நின்றன. பை கொண்டுவந்தவர்கள் கொஞ்சம் தயங்கி, தெருமுனைத் தொட்டிவரை நடந்தார்கள். பேர் பொல்லாத பூ என்று முணுமுணுத்தவர்களே அதன் முன்னால் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். ஈ குறைந்தது. நாற்றம் அடங்க இன்னும் கொஞ்ச நாள், அப்புறம் ஜன்னல்தான் என்று அஞ்சலாட்சி தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து அரியாங்குப்பத்திலிருந்து போன் வந்தது. மகள் சுடர்விழிக்கு இரண்டாவது பிரசவம், நாள் முந்திவிட்டது. மாமியார் இல்லாத வீடு. போகாமல் முடியாது. வேறு வழியில்லாமல் செல்வாம்பாளைக் கூப்பிட்டாள். அண்ணனைப் பார்த்துக்கொள்ள அவள் மறுபேச்சில்லாமல் பையோடு வந்து இறங்கினாள். சந்தில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அஞ்சலாட்சி சொல்லிவிட்டுப் போனாள்:

"செடியக் கொஞ்சம் பாத்துக்குங்க."

அவள் செய்த தப்பு இதுதான். பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம், தண்ணீர் ஊற்று என்பது.

பேத்திக்குத் தொட்டில் போட்டுவிட்டு, பால் வாசனை போகாத புடவையோடு சந்துக்குள் திரும்பியவளுக்கு முதலில் வாடைதான் தட்டியது. பழைய நாற்றம். மதிலோரம் நடுவில் ஒரு கறுப்புப் பை உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி செடிகள் மஞ்சளாகி, அடித்தண்டு கறுத்து, துவண்டு கிடந்தன. ஒன்றைத் தொட்டாள். கையோடு வந்தது. வேர் கூழாகியிருந்தது.

வீட்டுக்குள் போன வேகத்தில் ஊருக்குக் கொண்டுபோன பையை எறிந்தாள். "கொதிகஞ்சி ஊத்துனியா, மண்ணெண்ணெ ஊத்துனியா? சொல்லு."

செல்வாம்பாள் விழித்தாள். "தண்ணிதான் ஊத்துனேன் அண்ணி. சத்தியமா. காலையில ஒரு கொடம், சாயங்காலம் ஒரு கொடம். உச்சி வெயிலுக்கு எலை மடங்குச்சி, பயமாப்போச்சி, அப்புறம் மத்தியானமும் ஒரு கொடம்."

கூச்சல் கேட்டு சொல்தா எட்டிப் பார்த்தார். முகத்தில் பெருமை. "நான்கூட விடிகாலையில குழாயப் புடிச்சி வுட்டேம்மா, நல்லா மண்ணு நனையற மாதிரி." எதிர்வீட்டுக் கார்குழலி தினமும் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றியிருந்தாள், சத்து என்று. டீக்கடைக்காரர் கிளாஸ் அலசிய தண்ணீரை வாளியோடு கவிழ்த்திருக்கிறார். செடிக்குத் தண்ணீர் விட்டால் புண்ணியம் என்று யார் யாரோ, மற்றவர் ஊற்றியது தெரியாமல், அல்லது தெரிந்தும் நம் பங்குக்கு இருக்கட்டும் என்று, ஊற்றோ ஊற்றென்று ஊற்றியிருக்கிறார்கள். ஓர் ஆட்டினால் முடியாததைச் சந்து முழுவதும் சேர்ந்து அன்பாகச் செய்து முடித்திருந்தது.

அஞ்சலாட்சிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. "புடுங்கிப் போடுன்னவ நீ. நீ ஏன் ஊத்துன?"

செல்வாம்பாள் புடவை நுனியைத் திருகினாள். "அண்ணன் கேட்டுச்சி. வந்த மறுநா காலையில, நான் கஞ்சி குடுக்கும்போது, சொவுத்தப் பாத்துக்குனே 'பூ?' அப்படின்னுச்சி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சி. இருக்குதுண்ணேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் தெனம் கேட்டுச்சி, 'பூ?', 'பூ?'ன்னு. என் கையில செத்துடக் கூடாதுன்னுதான் அண்ணி ஊத்துனேன்."

அஞ்சலாட்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷமாக அவருக்கு ஊட்டி, துடைத்து, புரட்டிப் போட்டவள் அவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தங்கையிடம் தினமும் கேட்டிருக்கிறார். பொறாமை சுருக்கென்று தைத்தது, பொய் சொல்வானேன். அதற்கு மேலே ஒரு சந்தோஷம் வந்து அதை மூடிக்கொண்டது. மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, முதுகால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "ஏணி குடுங்க" என்றாள் சொல்தாவிடம்.

மதில் உச்சியில் தாய்ச்செடி அப்படியே இருந்தது. அவ்வளவு உயரத்துக்கு யாருடைய குடமும் எட்டவில்லை. சொல்தா, குற்றவாளி மாதிரி, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனி முழுக்க அவளுக்கு அதே வேலை. லாட்ஜிலிருந்து வந்ததும் அழுகின மண்ணை வெட்டி எடுத்தாள். அது வெயிலில் காயக் காய, அடியில் ஒரு முழத்துக்குச் செங்கல் ஜல்லி கொட்டினாள், இனி எவ்வளவு ஊற்றினாலும் வழிந்து ஓடட்டும் என்று. கறுப்புப் பையின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்து, அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் வைத்தாள். அவர் முறைத்தார். இவளும் முறைத்தாள். அவர்தான் முதலில் உள்ளே போனார்.

தாய்ச்செடியில் பறித்த காய்களை ஒரு தாம்பாளத்தில் பரப்பிக் கட்டிலில் வைத்தாள். "என்னாங்க, எனக்குக் கண்ணு தெரியல. வெதைய மட்டும் பிரிச்சிக் குடுங்க."

அவர் அசையவில்லை. அவள் சமையலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவர் இந்தப் பக்கம் புரண்டிருந்தார். இடது கைக் கட்டைவிரலால் காயை நசுக்கி, விதையைத் தாம்பாளத்தின் ஓர் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் மறுபடியும் சமையலறைக்கே போனாள், அங்கே ஒரு வேலையும் இல்லாவிட்டாலும்.

விதைத்த அன்றைக்குக் கட்டிலை இழுத்து ஜன்னலோடு ஒட்டிப் போட்டாள். எண்ணெய் குடித்த தாழ்ப்பாள் முனகிக்கொண்டு திறந்தது. வெளிச்சம் பட்டு அவர் கண்ணைச் சுருக்கினார். நாற்றம் முழுக்க விட்டுவிடவில்லை, இருந்தாலும் தலையணையைத் தேடவில்லை.

"இந்தச் சந்துல அத்தன பேரும் நல்லவங்க. அதான் வம்பு. நான் வேலைக்குப் போயிடுவேன். எவனையும் தண்ணி ஊத்த வுடக் கூடாது, பை போட வுடக் கூடாது. இது உங்க ஷிப்ட்டு. மண்டபத்துல பாத்தமாரி பாருங்க."

அவள் வேலைக்குப் போனாள். அங்கே விரிப்பை அலசும்போதெல்லாம், அவர் திரும்பிச் சுவரைப் பார்த்திருப்பாரோ என்று மனசு அடித்துக்கொண்டது. தினமும் வந்து முதலில் ஜன்னலைப் பார்ப்பாள். முகம் தெரியும். தெரிந்தால் போதும் என்று செருப்பைக் கழற்றுவாள். முளை வந்தது. நுனி கிள்ளினாள். ஆவணியில் மொட்டு வைத்தது. அவர் மட்டும் வாய் திறக்கவில்லை. டாக்டர் சொன்னது பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, முகம் இந்தப் பக்கம் இருக்கிறதே என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது, "ஷிப்ட்டு ஆரம்பிச்சிடுச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவாள்.

ஒரு நாள் பஸ் கிடைக்காமல் நடந்து வந்தாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சந்து முனையில் திரும்பும்போதே அந்தச் சத்தம் கேட்டது. முதலில் யாரோ குடிகாரன் என்று நினைத்தாள். வார்த்தை குழறியது, பாதி உடைந்திருந்தது. ஆனால் அதட்டல் உடையவில்லை.

"ஊத்... ஊத்தாத. தள்ளு."

ஹார்லிக்ஸ் பையைத் தோளில் மாட்டியபடி, நித்தியகல்யாணிக்கு முன்னால் குடத்தோடு செல்வாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். பாவம், முதல் பூவைக் கண்ட சந்தோஷத்தில் கை சும்மா இருக்கவில்லை. குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அண்ணனையே பார்த்தாள். கண்ணில் தாரை தாரையாக நீர். சொல்தா தன் வாசலில், கையில் ரப்பர் குழாயோடு, பிடிபட்டவர் மாதிரி விறைத்து நின்றார். குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்திருந்தார்.

அஞ்சலாட்சி ஓடவில்லை. ஓடினால் அந்தக் குரல் நின்றுவிடுமோ என்று பயந்து, அடிமேல் அடி வைத்து ஜன்னலடிக்கு வந்தாள். வாய் கோணியிருந்தது, எச்சில் வழிந்தது. அவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவளைப் பார்த்ததும் இடது கையால் சந்து முழுவதையும் சுட்டிக்காட்டினார்.

"கால... காலையிலேர்ந்து... எல்லாம்... கொடம்" என்று புகார் சொன்னார்.

"நீங்க வுட்டீங்களா?"

"வுடல."

அவளால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. உள்ளே வந்து கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் மழை பிடித்தது. பெரிய பெரிய துளியாக மதிலில் விழுந்தது, செடியில் விழுந்தது, ஜல்லி மேட்டில் இறங்கி விளிம்புக் கல் இடுக்கு வழியாகச் சாக்கடைக்கு ஓடியது. புருஷோத்தமன் வானத்தை நிமிர்ந்து பார்த்து, அதையும் ஓர் அதட்டுப் போட்டார். "ஊத்தாத." மழை கேட்கவில்லை. சாரல் ஜன்னல் வழியாக அடித்து, தலையணையும் அவர் முகமும் நனைந்தன. அஞ்சலாட்சி எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தக் கை நீட்டினாள்.

அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மூடாத" என்றார்.

அவள் மூடவில்லை. இரண்டு பேரும் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.